தரையில் மணி கேட்டவர்

கல்யாணத்துக்குக் கிளம்பும்போது கைக்கடிகாரத்தைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போகிற மனிதர் ஒருவரைத்தான் நான் பார்த்திருக்கிறேன். ஈப்போ பக்கம் புந்தோங்கில் எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருந்தார். அவருடைய கடிகாரம் சுவிட்சர்லாந்தில் செய்தது. எங்கள் வட்டாரத்தில் டாக்டர் கையில்கூட அப்படி ஒன்றை நான் கண்டதில்லை. ஆனால் கோயில் வாசலில் நின்றாலும் சரி, பஸ்ஸுக்குக் காத்திருந்தாலும் சரி, பக்கத்தில் இருப்பவரிடம், "மணி என்னா ஆச்சிண்ணே?" என்று கேட்பார்.

அந்தக் கடிகாரத்தைத் தண்ணீருக்குள் இறங்கும்போது மட்டும்தான் கட்டுவார்.

தண்ணீருக்குள் இறங்குவதுதான் அவருக்குப் பிழைப்பு. எழுபதுகளின் கடைசியில் ஈப்போவைச் சுற்றி ஈயக்கப்பல்கள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன. பேர்தான் கப்பல். மூன்று மாடி உயரத்துக்கு ஒரு தகரக் கொட்டகை ஈயலம்பக் குட்டையில், ஈயம் தோண்டித் தண்ணீர் நின்ற பள்ளத்தில், மிதக்கிற மாதிரி இருக்கும். சங்கிலியில் கோத்த இரும்பு வாளிகள் குட்டையின் அடிமண்ணை வாரி வாரி மேலே கொண்டுவரும். ஒரு வாளிக்குள் ஒரு ஆள் சம்மணம் போட்டு உட்காரலாம், அத்தனை பெரிசு. சில சமயம் சங்கிலி அறுந்து வாளிகள் அடியில் போய்விடும். முதுகில் தோங் என்கிற காற்று அடைத்த உருளையைக் கட்டிக்கொண்டு கீழே போய், தடவித் தடவி வாளியைக் கண்டுபிடித்து, அதன் காதில் எஃகு வடத்தை மாட்டிவிட்டு வரவேண்டும். மேலே இருந்து இயந்திரம் தூக்கும். ஈப்போவில் ஒரு சீன முதலாளி, தவுக்கே என்போம், இந்த வேலைகளைக் குத்தகைக்கு எடுத்துக்கொண்டிருந்தார். அவரிடம் முங்குகிற ஆள் இவர். மேலே கயிறு பிடிக்கிற ஆள் நான்.

இவர் பேரை எழுதப்போவதில்லை. பிள்ளைகள் இருக்கிறார்கள். புந்தோங்கில் எல்லாரும் 'முங்கி' என்பார்கள். நான் அண்ணே என்பேன்.

என்னைப் பற்றியும் இரண்டு வரி சொல்லவேண்டும், இல்லாவிட்டால் பின்னால் வருவது விளங்காது. தாப்பா பக்கத்தில் ஒரு தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன் நான். படிப்பு ஏறவில்லை என்று சொல்ல முடியாது. பரீட்சை என்றாலே பயம், அதனால் போகவில்லை. மண்ணெண்ணெய் அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் திரும்பி வருகிற ஆள் நான். இருபத்தாறு வயதில் அந்த மாதிரி ஆளிடம் போய் ஒரு மனிதனின் கயிற்றைக் கொடுத்தார் தவுக்கே.

முதல் நாள் அவர் கீழே போன கால் மணி நேரத்தில் பத்தொன்பது தடவை கயிற்றை இழுத்துப் பார்த்தேன். ஒரு இழுப்பு என்றால் 'நல்லா இருக்கியா' என்று அர்த்தம். அவரும் ஒன்று இழுத்துப் பதில் சொல்லவேண்டும். பத்தொன்பதாவது தடவை அவரே மேலே வந்துவிட்டார். வாயில் கடித்திருந்த காற்றுக்குழாய் ரப்பரைத் துப்பிவிட்டு என்னைப் பார்த்தார்.

"என்னா வேணும்லா ஒனக்கு? வீட்டுல சோறாக்கியாச்சான்னு கேக்குறியா?"

"இல்லண்ணே, சத்தமே இல்லையேன்னு..."

"தண்ணிக்குள்ள என்னா, பாட்டா பாடுவாங்க?"

அன்றைக்கே சட்டம் போட்டார். மேலே இருந்து நான் இழுக்கக்கூடாது. இருபத்தைந்து நிமிடம் அவருக்குக் கணக்கு. அதைக் கடிகாரம் பார்த்துக்கொள்ளும். அவர் நாலு தடவை இழுத்தால் நான் தூக்கவேண்டும். அதுவரைக்கும் கயிற்றை வெறுமனே பிடித்துக்கொண்டு நிற்பது என் வேலை. வெறுமனே நிற்பதுதான் எனக்கு வராத வேலை.

அந்தக் கடிகாரத்தை அவரே வாங்கினார். யாரோ வெள்ளைக்காரத் துரை கொடுத்தது என்று ஊரில் ஒரு கதை உண்டு, பொய். அவர் மனைவியை நான் அக்கா என்பேன், அந்த அக்காதான் எனக்குச் சொன்னது. ஈப்போவில் கடிகாரக் கடைக்குள் போய்க் கண்ணாடிப் பெட்டியைக் காட்டிக் கேட்டிருக்கிறார். கடைக்காரர் வெல்வெட் துணியில் வைத்து எடுத்துக் காட்டினாராம். இவர் தண்ணீர் கேட்டிருக்கிறார். குடிக்கத் தண்ணீர் கேட்கிறார் என்று கிளாசில் வந்திருக்கிறது. இவர் கடிகாரத்தை அந்தக் கிளாசுக்குள் போட்டுவிட்டு, அது அடியில் கிடப்பதை உட்கார்ந்து பார்த்தாராம், ஒரு கோப்பி குடிக்கிற நேரம். கடைக்காரர் முகம் எப்படி இருந்திருக்கும் என்று அக்கா நடித்துக் காட்டும்.

"மோட்டார் சைக்கிள் வாங்குற காசு தம்பி. மோட்டார் சைக்கிள் வாங்கியிருந்தா நானும் பின்னால உக்காந்து போயிருப்பேன். இதுல எங்க உக்கார்றது?"

கடிகாரம் வந்த பெட்டி மகளுக்குப் போயிற்று. அதில் அவள் அழிப்பான் போட்டு வைத்திருந்தாள். கடிகாரம் மைலோ டின்னுக்குள் கிடக்கும். சாவி கொடுக்கத் தேவையில்லாத கடிகாரம் அது, கை அசைந்தால் ஓடும். சனி ஞாயிறு டின்னுக்குள்ளேயே கிடந்து நின்றுபோகும். திங்கள் காலையில் எடுத்து இரண்டு உதறு உதறுவார். ஓடத் தொடங்கும். ஆனால் முள்ளைச் சரியான மணிக்குத் திருப்பி வைக்கமாட்டார். அவருக்கு மணி வேண்டாம், நிமிடம் போதும். அதனால்தான் அத்தனை விலைக் கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஊரெல்லாம் மணி கேட்டார்.

கடிகாரம் மட்டும் இல்லை, எல்லாம் அப்படித்தான் அவரிடம். கல்யாணத்துக்கு வந்த எவர்சில்வர் அடுக்கில் வேலைக்குச் சோறு கொண்டுவருவார், வீட்டில் நெளிந்த அலுமினியத் தட்டில் சாப்பிடுவார். புது பூட்ஸ் வாங்கினால் அன்றைக்கே சேற்றில் இறக்குவார். தைப்பூசத்துக்குப் பழைய ஜப்பான் சிலிப்பர். மச்சினன் மகள் கல்யாணத்தில் சாயம் போன சட்டையோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அக்கா பேசவில்லை இரண்டு நாளைக்கு.

ஏன் இப்படி என்று நான் ஒரே தடவை கேட்டேன். குட்டைக் கரையில் பசியாறிக்கொண்டிருந்தோம். அவர் பிறந்தது ஹுத்தான் மெலிந்தாங் பக்கம் ஒரு தென்னந்தோட்டத்தில். லயத்து வீட்டில் அவர்கள் அம்மா ஒரு கம்பளி வைத்திருந்ததாம். சிவப்புக் கம்பளி, விருந்தாளி வந்தால் போர்த்திக்கொள்ள. மழைக்காலத்தில் பிள்ளைகள் அஞ்சு பேரும் சாக்கைப் போர்த்திக்கொண்டு படுப்பார்கள், கம்பளி பெட்டிக்குள் இருக்கும்.

"விருந்தாளி வந்தாங்களாண்ணே?"

"எவன் வருவான் அந்தத் தோட்டத்துக்கு? பூச்சி வந்திச்சி. தின்னுட்டுப் போயிருச்சி."

சொல்லிவிட்டு அடுக்கைக் கழுவப் போய்விட்டார்.

தண்ணீரில் கடிகாரம் கட்டுவதை வீம்பு என்று நினைத்தவர்கள் நிறையப் பேர். ஒரு தடவை, கைவிட்ட ஈயலம்பக் குட்டை ஒன்றில் மீன் பிடிக்கப் போன ஆள் விழுந்துவிட்டான். போலீஸ் வந்து இவரைக் கூப்பிட்டது. கரையில் ஊரே நிற்கிறது. இவர் தோங்கைக் கட்டிக்கொண்டு, இடது கையை நீட்டி, கடிகாரத்தை வெயிலுக்குக் காட்டிக்கொண்டு நிற்கிறார். எப்போதும் இறங்குமுன் ஐந்து நிமிடம் அப்படி நிற்பார். சாமி கும்பிடுகிறார் என்று நினைப்பார்கள். கூட்டத்தில் ஒருவர், "பொணம் எடுக்கப் போறவனுக்கு மினுக்கப் பாரு," என்று சத்தமாகவே சொன்னார்.

இவர் திரும்பினார். கோபம் எல்லாம் இல்லை.

"மினுக்குறதுக்குன்னா மேலயில்ல கட்டியிருப்பேன் அண்ணே? கீழ எவன் பாக்கப்போறான்?"

இறங்கினார். இருபது நிமிடத்தில் அந்த ஆளைக் கொண்டுவந்து கரையில் படுக்க வைத்தார். மினுக்கு என்று சொன்ன அதே மனிதர் ஓடிவந்து இவருக்குக் கை கொடுத்துத் தூக்கினார்.

வெயிலுக்குக் காட்டுவதற்குக் காரணம் உண்டு. ஈயலம்பத் தண்ணீர் மேலே பால் கோப்பி நிறத்தில் இருக்கும். ஓர் ஆள் ஆழத்துக்குக் கீழே கறுப்பு. உன் கையே உனக்குத் தெரியாது. கடிகாரத்து முள்ளிலும் எண்களிலும் இருட்டில் ஒளிவிடும் பச்சை மருந்து பூசியிருந்தது. அது வெயில் குடித்தால்தான் கீழே ஒளி கொடுக்கும். முகக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்தால் அந்தப் பச்சைப் புள்ளிகள் மட்டும் தெரியும் என்பார். கடிகாரத்தைச் சுற்றிப் பல் வைத்த ஒரு வளையம் உண்டு. அதில் ஒரு முக்கோணம், அதற்கும் பச்சை. இறங்கும்போது வளையத்தைத் திருப்பி முக்கோணத்தை நிமிட முள்ளுக்கு நேரே வைப்பார். முள் முக்கோணத்தை விட்டு எவ்வளவு தூரம் நகர்ந்திருக்கிறதோ அத்தனை நிமிடம் ஆகிவிட்டது என்று கணக்கு. காற்று எவ்வளவு மிச்சம் என்று காட்டும் முள் எங்கள் தோங்கில் கிடையாது. அந்த வளையம்தான் அவருக்கு எல்லாம். மூச்சு இழுக்கக் கடினமானால் தெரியும், ஆனால் அதற்குப் பிறகு இரண்டு மூன்று மூச்சுதான். கப்பலுக்கு அடியில் இருக்கிறவன் வெளியே வர அது பத்தாது.

சேர்ந்த மூன்றாம் மாதம் நான் சட்டத்தை மீறினேன். கயிறு ரொம்ப நேரமாக அசையவில்லை. மனசு என்னென்னவோ நினைத்தது. பதினாறாவது நிமிடத்தில் தூக்கிவிட்டேன். அவர் வாளியின் காதுக்குள் வடத்தை நுழைத்துக்கொண்டிருந்தாராம், அசையாமல். நான் இழுத்ததில் முகக் கண்ணாடி கழன்று, தண்ணீர் குடித்து, காது அடைத்து மேலே வந்தார். வடமும் போயிற்று, வாளி இருந்த இடமும் போயிற்று. மறுபடி தேட இரண்டு நாள். தவுக்கே என்னைக் கூப்பிட்டு, "இன்னொரு தடவ இப்படிச் செஞ்சா, வேற வேலை பாத்துக்கோலா," என்றார். அண்ணன் காதில் எண்ணெய் விட்டுக்கொண்டு ஒரு வாரம் தலையைச் சாய்த்தே நடந்தார்.

இனி கடிகாரத்தில் எண்ணெய் பட்ட விஷயத்துக்கு வருகிறேன்.

அடுத்த வருஷம் எனக்குப் பெண் பார்க்கப் போனோம். தாப்பா பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பெண். என் அக்கா புருஷன், "இந்த மட்டமான வாட்ச்சோடயா வருவ? யாருகிட்டயாவது நல்ல வாட்ச்சா வாங்கிக் கட்டிக்க மச்சான்," என்றார். நாங்கள் செய்கிற வழக்கம்தான் அது. பெண் பார்க்க, பரிசம் போட, ஸ்டூடியோவில் படம் எடுக்க, சங்கிலியும் கடிகாரமும் கைமாறிக்கொண்டே இருக்கும். நான் தயங்கித் தயங்கி அண்ணனிடம் கேட்டேன்.

அவருக்கு விளங்கவில்லை. "வெளிய கட்டிக்கிறதுக்கா?" என்றார். பிறகு மைலோ டின்னோடு எடுத்துக் கொடுத்தார்.

பஸ்ஸில் போகும்போது கையைச் சட்டைப் பைக்குள் விட்டபடியே போனேன், உரசிவிடும் என்று. பெண் வீட்டில் மட்டும் வெளியே எடுத்தேன். பெண்ணின் அப்பா பார்த்துவிட்டார். அவர் கேட்கிறார், "மணி என்னா மாப்ள?"

குனிந்து பார்த்தேன். நாலேகால். அப்போதுதான் காலைப் பசியாறிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறோம்.

"இது... வெளிநாட்டு நேரங்க."

உள்ளே யாரோ சிரிக்கிற சத்தம் கேட்டது. அந்தச் சிரிப்புக்காரியைத்தான் கட்டிக்கொண்டேன். அது வேறு கதை.

வீட்டுக்கு வந்து கடிகாரத்தைக் கழற்றிப் பார்த்தால், வளையத்துக்கு அடியில் எல்லாம் மணல். திருப்பினேன், கரகரவென்று மல்லுக்கட்டியது. இத்தனை விலைப் பொருள், அவர் சேற்றில் போட்டு இப்படி இறுக வைத்துவிட்டாரே என்று இருந்தது. வாங்கிய பொருளைச் சுத்தம் பண்ணிக் கொடுக்கவேண்டாமா? பல் துலக்குகிற பிரஷ்ஷால் தேய்த்து மணலை எல்லாம் எடுத்தேன். என் அக்காவின் தையல் மெசின் எண்ணெயை நாலு சொட்டு விட்டேன். விரல் பட்டாலே வழுக்கிக்கொண்டு போயிற்று வளையம். எனக்குச் சந்தோஷம். செய்ததைச் சொல்லிக்காட்டுவது அழகில்லை என்று, ஒன்றும் சொல்லாமல் டின்னில் வைத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் திங்கள். வேலை, கப்பலுக்கு நேர் அடியில். போன வாரத்திலிருந்து தவுக்கே கூடவே நிற்கிறார், கப்பல் ஓடாமல் கிடக்கிறது என்று மேலிடத்தில் அவரை நெருக்குகிறார்கள். அண்ணன் வெயிலுக்குக் கையைக் காட்டினார். கையுறை மாட்டிய விரலால் வளையத்தைத் திருப்பினார்.

"என்னா இன்னிக்கு லேசா திரும்புது," என்றார், தனக்குத்தானே. "வெயிலு போல."

சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. மெச்சிக்கொள்வார் என்றுகூட நினைத்தேன். அதற்குள் அவர் ரப்பரைக் கடித்துக்கொண்டு இறங்கிவிட்டார்.

என் கையிலும் ஒரு கடிகாரம் உண்டு. பாசாரில், சந்தைக் கடையில், மலிவாக வாங்கியது. அவர் இறங்கும்போது நானும் பார்த்து வைத்துக்கொள்வேன், அவருக்குத் தெரியாமல். இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று. நாலு இழுப்பு வரவில்லை. இருபத்தாறு. இருபத்தேழு. கயிறு அங்கும் இங்கும் நகர்கிறது, வேலை செய்துகொண்டுதான் இருக்கிறார். மேலே இருந்து இழுக்கக்கூடாது என்பது சட்டம். நான் நாலு தடவை இழுத்தேன். மேலே வா.

கீழே இருந்து ஒரு இழுப்பு வந்தது. நல்லா இருக்கேன்.

தவுக்கே என் முதுகுக்குப் பின்னால் நின்று, "ஏன் கூப்பிடுற? அவனுக்குத் தெரியாதா?" என்றார்.

அவருக்குத் தெரியும். அவர் சுவிஸ் கடிகாரம் வைத்திருக்கிறார். நான் பாசார் கடிகாரம். போன தடவை நான் நினைத்தது தப்பு. இந்தத் தடவையும் தப்பு என்றால் வேலை போய்விடும், பெண் வீட்டில் போய் என்ன சொல்வது. அவர் காது போனாலும் போகும். இருபத்தெட்டு. என் கடிகாரத்தைக் காதில் வைத்துக் கேட்டேன், ஓடிக்கொண்டுதான் இருந்தது. அப்போதுதான் ஒன்று தட்டியது. என் கடிகாரம் ஒரு நாளைக்கு இரண்டு நிமிடம் மெதுவாகப் போகிற கடிகாரம். அது பொய் சொன்னால் குறைத்துத்தான் சொல்லும், கூட்டிச் சொல்லாது. அப்படியானால் பொய் சொல்வது கீழே இருக்கிற கடிகாரம். சுவிஸ் கடிகாரம் எப்படிப் பொய் சொல்லும்?

லேசா திரும்புது என்றாரே.

வளையம் எதற்கு இறுக்கமாக இருந்தது என்று அந்த நிமிடம்தான் எனக்கு விளங்கியது. கயிற்றில் உரசினாலும், கப்பல் அடியில் கை பட்டாலும் நகரக்கூடாது என்றுதான். நான் அதை வழுக்க விட்டிருக்கிறேன்.

இழுத்தேன். கீழே இருந்து கயிறு விறைத்தது. இரண்டு உதறல் வந்தது. விடு என்று அர்த்தம். தவுக்கே, "ஜாங்ஙான் தாரேக்! இழுக்காதே!" என்று கத்தி என் தோளைப் பிடித்தார். நான் காலைக் கப்பல் விளிம்பில் முட்டுக்கொடுத்து, கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு இழுத்தேன். நான் அழுதேன் என்று தவுக்கே பிறகு சொல்லிச் சிரித்தார். எனக்கு ஞாபகம் இல்லை. விறைத்த கயிறு கொஞ்ச நேரத்தில் இளகியது. எதிர்த்து இழுக்கவில்லை, கூடவே வருகிறார். அப்புறம் என் கைக்கு மீறிய வேகத்தில் வந்தார்.

மேலே வந்தவர் ரப்பரைத் துப்பிவிட்டு வாயைத் திறந்து மூச்சு வாங்கினார். மீன் மாதிரி. முகம் நீலம் பாய்ந்திருந்தது. கொஞ்சம் தெளிந்ததும் கடிகாரத்தைப் பார்த்தார்.

"பதினாலு நிமிசம்தான்லா ஆவுது!"

நான் என் கையை நீட்டினேன். முப்பது.

இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். ரப்பரை மறுபடி வாயில் வைத்து இழுத்தார். கன்னம் குழிந்ததுதான் மிச்சம், காற்று வரவில்லை. தோங் காலி. பிறகு ஒற்றை விரலால் வளையத்தைத் தொட்டார். அது சுற்றிக்கொண்டு போயிற்று.

"யாரு இதத் தொட்டது?"

"நான்தாண்ணே. எண்ணெ போட்டேன்."

"என்னா எண்ணெ?"

"தையல் மெசின் எண்ணெ."

"எதுக்கு?"

"இறுகியிருந்திச்சி. நல்ல வாட்ச்சாச்சேன்னு..."

பக்கத்தில் நின்ற தவுக்கே சிகரெட் பற்ற வைத்தார்.

"ஒன்ன அடிக்கணும்," என்றார் அண்ணன். "இப்ப முடியாது, மூச்சு வாங்குது. அப்புறமா ஞாபகப்படுத்து."

அடுக்கைத் திறந்து சாப்பிட்டார். எனக்கும் ஒரு தட்டை நகர்த்தினார். பாதிச் சோற்றில் நிறுத்தி, யாரிடமோ சொல்வதுபோல, "நீ இழுக்க ஆரம்பிச்சப்புறம் ரெண்டு மூச்சு நல்லா வந்திச்சி. மூணாவது வரல," என்றார். மீண்டும் சாப்பிட்டார்.

சாப்பிட்டு முடித்ததும் கப்பல் தட்டில் கொட்டிக் கிடந்த ஈய மணலில் ஒரு சிட்டிகை எடுத்தார். வளையத்துக்கு அடியில் போட்டு, கட்டைவிரலால் அழுத்தித் திருப்பினார். இன்னொரு சிட்டிகை. கரகரவென்று மல்லுக்கட்டும் வரைக்கும் திருப்பிக்கொண்டே இருந்தார். அத்தனை விலைக் கடிகாரத்துக்குள் மணலை அள்ளிப் போடுகிற மனிதரைத் தவுக்கே வாயைப் பிளந்து பார்த்தார்.

அன்றைக்கு இன்னொரு தோங் இருந்தது. வாளி இன்னும் கீழேதான் கிடந்தது. அவர் தோங்கை மாட்டிக்கொண்டு எழுந்தார். நான் கயிற்றைத் தவுக்கேயிடம் கொடுக்கப் போனேன். இனி என்னால் முடியாது என்று சொன்னேன்.

"பிடிலா," என்றார். "கேளு. அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா நான் ஒண்ணு இழுப்பேன். ஒன் வாட்ச்சப் பாரு. அஞ்சு நிமிசத்துல வரலன்னா தூக்கு. என்னைய ஒண்ணும் கேக்காத, நான் ஒதறினாலும் விடாத."

"ஒங்களுக்கு வேல கெடுமேண்ணே?"

"நீ பத்தொம்பது தடவ இழுக்குறதுக்கு இது தேவல."

இறங்கினார். நான் பாசார் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஐந்தாவது நிமிடம் கயிறு ஒரு தடவை இழுபட்டது. எனக்குப் பதில் சொல்லச் சொல்லி உத்தரவு இல்லை. ஆனாலும் என்னை அறியாமல் நானும் ஒன்று இழுத்துவிட்டேன். மேலே வந்ததும் திட்டுவார் என்று பயந்துகொண்டிருந்தேன். அதைப் பற்றிப் பேசவே இல்லை. அதற்குப் பிறகு நான் அங்கே இருந்த ஒன்றரை வருஷமும் அப்படியே நடந்தது. அவர் ஒன்று, நான் ஒன்று. என்னை அடிப்பதையும் அவர் மறந்துவிட்டார். நான் ஞாபகப்படுத்தவில்லை.

கல்யாணம் ஆன பிறகு மனைவி, "இந்த வேலையில நீங்க தண்ணிக்கு மேல நின்னே செத்துப்போவீங்க," என்றாள். தாப்பாவில் மலைக்குப் போகிற பஸ்ஸில் கண்டக்டர் வேலை கிடைத்தது. மலைப்பாதையும் எனக்குப் பயம்தான். ஆனால் அங்கே பிரேக் என் கையில் இல்லை. சொல்லிக்கொள்ளப் போனபோது அண்ணன், "நல்லது, போ," என்றார்.

எண்பதுகளின் தொடக்கத்தில், ஒரு நாள் தாப்பா பஸ் நிலையத்துக் கோப்பிக்கடையில், கயிறு பிடிக்க என் இடத்துக்கு வந்த ஆளைப் பார்த்தேன். தெம்பான ஆள், முன்னே மோட்டார் பட்டறையில் இருந்தவன். தானாகவே அண்ணனைப் பற்றிப் பேச்செடுத்தான்.

"நல்ல மனுசன்தாண்ணே. ஒண்ணுதான் வெளங்கல. கீழ போனா கை சும்மா இருக்காது போல. அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா கயித்த இழுத்துக்கிட்டே இருக்காரு. ஏண்ணேன்னு கேட்டா, பழக்கம்லாங்குறாரு."

கிளாசைக் கீழே வைத்தேன். "நீ என்னா செய்வ?"

"நான் என்னா செய்றது? அவரு நாலு இழுத்தாத்தான எனக்கு வேல. சும்மா இருப்பேன்."

"திருப்பி இழு."

"எதுக்கு? அவரு கேக்கலையே."

"கேக்கமாட்டாரு. நீ ஒண்ணு இழு, போதும்."

அவன் சரி என்கிற மாதிரி தலையை ஆட்டிவிட்டுச் சிரித்தான். டிரைவர் ஹாரன் அடித்தார். நான் போய்ப் பஸ் படியில் ஏறினேன். பஸ்ஸைக் கிளப்ப மணியில் கை வைத்தேன். அவன் தலையை ஆட்டியதில் எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஏறினவன் மறுபடி இறங்கிக் கடைக்குள் போய், "நாளைக்கே," என்றேன்.